மூளையின் மூன்றாம் மூலகமும் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகாவும்

மூளை என்றதும் எமது நினைவுக்கு வருபவை நரம்புக்கலங்களே. சிந்தனை, ஞாபகம், அசைவு, உணர்வு ஆகிய அனைத்தையும் அவற்றின் கணக்கிலேயே நாம் எழுதிவிடுகின்றோம். ஆனால் மனித மூளையிலுள்ள கலங்களில் ஏறத்தாழ அரைவாசி நரம்புக்கலங்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்தும் அவற்றுக்கு இடையிலும் அமைந்துள்ள துணைக்கலங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனிய நோயியலாளர் ருடோல்ப் விர்ச்சோ, பசை எனப் பொருள்படும் கிளியா என்ற கிரேக்கச் சொல்லைச் சூட்டினார். அப்பெயர் அவற்றின் தலைவிதியையும் ஓரளவு தீர்மானித்துவிட்டது எனலாம். பசையை ஆராய்வதில் ஆர்வங்கொள்பவர் எத்தனை பேர்?

அந்தப் பசைக்குள் மறைந்திருந்த இரு வேறு கலங்களைப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு வைத்தியரும் இழையவியலாளருமான பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா ஆவார். ஒன்று, நரம்பு நார்களுக்குக் காவலுறை இடுகின்ற கலம். மற்றையது, சேதமுற்ற இடத்தைத் துப்புரவு செய்கின்ற கலம். அழிந்துபோன உறை மீண்டும் இடப்படுமா என்ற கேள்வி இன்று நரம்பியல் மருத்துவத்தின் பெருங் கேள்விகளுள் ஒன்றாகும். அதற்கான விடை இவ்விரு கலங்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலிலேயே பெருமளவு தங்கியுள்ளது. அவற்றை முதன்முதலில் தெளிவாகக் கண்ட மனிதரோ, அக்கண்டுபிடிப்பு வெளிவந்த கையோடு தம் ஆசானின் ஆய்வுகூடத்தையும், பின்னர் போரினால் தாய்நாட்டையும் இழந்தவர்.

ஓர்ட்டேகா 1882 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் திகதி, ஸ்பெயினின் வயடோலிட் மாகாணத்திலுள்ள போர்ட்டீயோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். வயடோலிட் பல்கலைக்கழகத்தில் 1905 இல் மருத்துவப் பட்டம் பெற்று, தமது சொந்த ஊரிலேயே சில காலம் கிராம வைத்தியராகப் பணிபுரிந்தார். அவ்வாழ்க்கையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. மாணவப் பருவத்திலேயே அவரை ஈர்த்திருந்தது நுணுக்குக்காட்டி. மூளைக் கட்டிகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், புலமைப்பரிசில் பெற்றுப் பரிஸிலும் பேர்லினிலும் பயிற்சி பெறச் சென்றார். 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பயிற்சி பாதியிலேயே முடிவடைந்தது.

நாடு திரும்பியவருக்கு மட்ரிட் நகரில் நிக்கொலாஸ் அச்சூக்காரோவின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. அச்சூக்காரோ, மியூனிக் நகரில் அல்சைமரிடம் பயின்றவர். துணைக்கலங்களின் மீது உண்மையான அக்கறை கொண்டிருந்தவர். ஓர்ட்டேகாவை இத்துறைக்குத் திருப்பிவிட்டவர் அவரே. ஆயினும் அவர் 1918 இல் தமது 37 ஆவது வயதிலேயே காலமானார். ஆதரவாயிருந்த ஆசானை இழந்த ஓர்ட்டேகா, அதே கட்டடத்தில் தமது ஆய்வுகளை நடத்திவந்த பெருமகன் சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் நிழலிலேயே தொடர்ந்து பணியாற்ற வேண்டியவரானார்.

கஹாலைப் பற்றி இங்கு சிறிது கூறாமல் மேலே செல்ல முடியாது. நரம்பு மண்டலம் தனித்தனிக் கலங்களால் ஆனது என்பதை நிலைநாட்டி, 1906 இல் இத்தாலியரான கொல்கியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஸ்பானிய விஞ்ஞானத்தின் அடையாளமாகவே மக்கள் அவரைக் கருதினர். 1913 இல் அவர் பொன் உப்பைக் கொண்டு சாயமிடும் ஒரு முறையை உருவாக்கி, துணைக்கலங்களுள் ஒரு வகையான நட்சத்திரக் கலங்களை அழகுறக் காட்டினார். நரம்புக்கலம் முதலாவது மூலகம், நட்சத்திரக் கலம் இரண்டாவது மூலகம். இவை இரண்டிலும் அடங்காத சிறிய, உருண்டைக் கருவையுடைய கலங்கள் எஞ்சின. அவற்றை மூன்றாவது மூலகம் என்றும், அவற்றுக்குக் கிளைகள் இல்லை என்றும் அவர் எழுதினார். உண்மையில் அவற்றுக்குக் கிளைகள் இருந்தன. அவருடைய சாயம் அக்கிளைகளிற் பற்றவில்லை. இருளில் ஒரு மரத்தின் அடியை மாத்திரம் தடவிப் பார்த்துவிட்டு, அது மொட்டை மரம் என்று எழுதிவைப்பதைப் போன்றதே இது.

சாயமிடும் கலையை இன்றைய வாசகர் இலேசாக எண்ணிவிடலாம். உயிரிழையம் நுணுக்குக்காட்டியின் கீழ் ஏறக்குறைய நிறமற்றது. எந்த உப்பு எந்தக் கலத்திற் படியும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் விதி எதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை. ஓர்ட்டேகா அச்சூக்காரோவின் முறையை மாற்றி மாற்றிச் சோதித்து, அமோனியா கலந்த வெள்ளிக் காபனேற்றுக் கரைசலை வந்தடைந்தார். போமலினும் அமோனியம் புரோமைட்டும் கலந்த திரவத்தில் மூளைத் துண்டைப் பதப்படுத்தி, அதனை உறையவைத்து மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளிக் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் போமலினில் இட்டு வெள்ளியைப் படியச் செய்வது அம்முறையின் சாரம். அவ்வாறு தயாரித்த சீவல்களில், மொட்டையாகத் தெரிந்த மூன்றாவது மூலகம் கிளைவிட்டு நின்றது. அதுமட்டுமல்ல, அது ஒரு கலமன்று, இரண்டு என்பதும் தெரியவந்தது.

1919 இல் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் முதலாவது கலத்துக்கு மைக்குரோகிளியா என்று பெயரிட்டார். சிறியவை, நெருஞ்சி முள்போற் கிளைத்தவை, மூளை எங்கும் பரவியிருப்பவை. மூளையிற் காயம் ஏற்பட்டால் இவை கிளைகளை உள்ளிழுத்து உருண்டு, அமீபாவைப் போல அவ்விடத்தை நோக்கி நகர்ந்து, சிதைவுகளை விழுங்குகின்றன என்று அவர் காட்டினார். மேலும் ஒரு துணிச்சலான கூற்றையும் முன்வைத்தார். இவை மூளைக்குரிய முளையப் படையிலிருந்து பிறந்தவை அல்ல. பிறப்பையொட்டிய காலத்தில் வெளியிலிருந்து மூளைக்குட் குடிபுகுந்தவை என்றார். இரண்டாவது கலத்தை 1921 இல் விரிவாக விபரித்து, குறைவான கிளைகளை உடையது எனப் பொருள்படும் ஒலிகோடென்ட்ரோகிளியா என்ற பெயரை அதற்கு வழங்கினார். இக்கலங்கள் நரம்பு நார்களுக்கு இடையே வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன.

ஆசான் இதனை எவ்வாறு வரவேற்றார் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. மூளைக்குள் வெளியிலிருந்து வந்த கலங்கள் உள்ளன என்ற கண்டுபிடிப்புக்கான பெருமையைக் கஹால் 1920 இல் எழுதிய கட்டுரையில் வேறொருவருக்கு அளித்தார். அவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த போர்ட் ரொபேர்ட்சன்; இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிளாட்டினத்தைக் கொண்டு சில கலங்களைச் சாயமிட்டிருந்தவர். ஒலிகோடென்ட்ரோகிளியாவையோ கஹால் தம் முறைகளைக் கொண்டு காண முடியாமையால் ஏற்கவில்லை. இதற்கிடையில் ஆய்வுகூடத்தில் ஓர்ட்டேகாவுக்கும் ஏனையோருக்கும் இடையே பிணக்குகள் முற்றின. அங்கு செல்வாக்குடனிருந்த சிற்றூழியர் ஒருவர் ஆசானிடம் கோள் மூட்டியதும் இதற்குக் காரணமாயிற்று என்பதே ஓர்ட்டேகாவின் தரப்பு. எவ்வாறாயினும், 1920 இல் கஹால் அவரை ஆய்வுகூடத்திலிருந்து வெளியேற்றினார்.

இங்கு நாம் கஹாலைக் கொடியவராகச் சித்திரிக்க விரும்பவில்லை. அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த முதியவர். அதேவேளை, ஆய்வு விரிவாக்கச் சபையின் தலைவராகவும் அவரே இருந்தார். வெளியேற்றப்பட்ட ஓர்ட்டேகாவுக்கு மாணவர் இல்லம் என அழைக்கப்பட்ட புகழ்பெற்ற விடுதிக் கல்வி நிலையத்தில் தனி ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்ததும் அதே சபைதான். லோர்க்காவும் டாலியும் புனுவெலும் வாழ்ந்த இல்லம் அது. பின்னாளில் இருவருக்குமிடையிலான மனக்கசப்பு ஓரளவு தணிந்தது. ஆயினும் முன்னைய உறவு திரும்பவில்லை. ஒரு மாபெரும் கண்டுபிடிப்பாளர், தம் கண்ணுக்குப் புலப்படாததை இல்லையென்று கொள்ளும் தவறைத் தாமும் செய்தார் என்பதையே நாம் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

மாணவர் இல்லத்தின் அந்தச் சிறிய ஆய்வுகூடத்துக்கு 1924 இல் வைல்டர் பென்பீல்ட் என்ற இளம் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வந்து சேர்ந்தார். மூளைக் காயங்களின் தழும்பு எவ்வாறு வலிப்பு நோயை உண்டாக்குகிறது என்பதை அறிய விரும்பிய அவர், துணைக்கலங்களைச் சாயமிடும் கலையைக் கற்கவே அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்தார். பென்பீல்ட் ஒலிகோடென்ட்ரோகிளியாவைத் தாமே கண்டு உறுதிப்படுத்தி ஆங்கிலத்தில் எழுதினார். ரொபேர்ட்சன் முன்னர் கண்டவை மைக்குரோகிளியா அல்ல, ஒலிகோடென்ட்ரோகிளியாவே என்றும் அவர் விளக்கினார். ஸ்பானிய மொழியிலேயே எழுதிவந்த ஓர்ட்டேகாவின் பெயர் உலகறியத் தொடங்கியது அதன் பின்னரே. பத்து ஆண்டுகளின் பின் கனடாவின் மொன்றியல் நகரில் நரம்பியல் நிறுவகத்தை நிறுவியவரும் இதே பென்பீல்ட்தான்.

1928 இல் ஓர்ட்டேகா ஒலிகோடென்ட்ரோகிளியாவைப் பற்றித் தமது மிகப் பெரிய ஆய்வை வெளியிட்டார். அக்கலங்களை நான்கு வகைகளாகப் பிரித்து, தம் கையாலேயே வரைந்த படங்களுடன் அதனை அமைத்தார். சித்திரக்காரருக்குரிய கை அவருக்கு வாய்த்திருந்தது. கை கால்களிலுள்ள வெளி நரம்புகளில் சுவான் கலங்கள் மயலின் உறையை இடுகின்றன. அதே வேலையை மூளையிலும் முண்ணாணிலும் இக்கலங்களே செய்கின்றன என்று அவர் வாதிட்டார். மயலின் உருவாகும் பருவத்திலேயே இவை நார்களிடையே திரளுகின்றன என்பது அவருடைய சான்றுகளுள் ஒன்று. இது நுட்பமான ஊகம். ஒளி நுணுக்குக்காட்டியைக் கொண்டு அதற்கு மேல் நிரூபிக்க இயலாது.

மயலின் என்பது மின்கம்பிக்கு இடும் காவலுறையை ஒத்தது. உறையில்லாத மெல்லிய நாரில் நரம்புக் கணத்தாக்கம் செக்கனுக்கு ஓரிரு மீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்ல, உறையிட்ட பருத்த நாரில் 100 மீற்றர் வேகத்தையும் அது எட்டுகின்றது. ஒரு சுவான் கலம் ஒரு நாரின் ஒரு துண்டை மாத்திரமே போர்த்தும். ஒலிகோடென்ட்ரோகிளியாக் கலம் ஒன்றோ பல நார்களில், சில வேளைகளில் 40 துண்டுகள் வரை, தன் கிளைகளால் சுற்றிப் போர்த்திவிடும். ஆகவே அத்தகைய ஒரு கலம் அழிந்தால் பல நார்கள் ஒருங்கே உறையை இழக்கின்றன. மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோயில் நிகழ்வது இதுவே. பிரான்சின் ஷார்க்கோ 1868 இல் விபரித்த இந்நோய், இளவயதினரின் பார்வையையும் நடையையும் தாக்குவது. வெப்பவலய நாடுகளில் குறைவாகக் காணப்பட்டாலும், 2020 ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 இலட்சம் பேர் இதனுடன் வாழ்ந்தனர்.

ஓர்ட்டேகா 1931 இல் மட்ரிட்டின் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் பணிப்பாளரானார். நோபல் பரிசுக்கு இருமுறை முன்மொழியப்பட்டார், அது கிட்டவில்லை. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது மட்ரிட் நகரின் மேற்குப் பகுதி போர்முனையாயிற்று. அவரது நிறுவகமும் அப்பகுதியிலேயே இருந்தது. குடியரசின் ஆதரவாளரான அவர் முதலில் வலென்சியாவுக்கும், அங்கிருந்து பரிஸுக்கும் சென்றார். 1937 இல் ஒக்ஸ்போர்டில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ் அவருக்கு இடமளித்தார். அங்கும் மூன்று ஆண்டுகள்தாம். இரண்டாம் உலகப் போர் பிரித்தானியாவைச் சூழ்ந்தபோது, ஆர்ஜென்டீனாவிலுள்ள ஸ்பானியக் கலாசார அமைப்பின் அழைப்பை ஏற்று 1940 இல் புவனோஸ் அயர்ஸ் நகருக்குக் கப்பலேறினார். நான்கு ஆண்டுகளில் நான்கு நகரங்கள். சேகரித்த சீவல்களையும் சாயப் போத்தல்களையும் விட்டுவிட்டு ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத் தொடங்குவது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புவனோஸ் அயர்ஸில் அவர் மீண்டும் ஆய்வுகூடம் அமைத்தார், மாணவர்களைச் சேர்த்தார், 1942 இல் இழையவியலுக்கென ஒரு சஞ்சிகையையும் தொடங்கினார். மூளைக் கட்டிகளை ஆராயத் தொடங்கிய அந்த மனிதரைப் புற்றுநோயே 1945 ஜூன் 1 ஆம் திகதி கொண்டுசென்றது. அப்போது அவருக்கு வயது 63. அவரது எச்சங்கள் 1986 இல்தான் வயடோலிட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. கஹாலுடனான உறவையும் முறிவையும் பற்றி அவர் எழுதிவைத்திருந்த, ஆசானும் நானும் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூலும் அதே ஆண்டில் அச்சேறியது.

அவர் காட்டிய கலங்களுக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின், 1960 களின் தொடக்கத்தில், மூளையிலும் முண்ணாணிலும் மயலினை இடுவது ஒலிகோடென்ட்ரோகிளியாவே என்பது நேரடியாகக் காணப்பட்டது. 1961 இல் மற்றொரு வியப்பும் வெளியாயிற்று. வளர்ந்த பூனைகளின் முண்ணாணில் உறையை அழித்துவிட்டுப் பார்த்தபோது, சில வாரங்களில் புதிய உறை தோன்றியது. முன்னையதைவிட மெல்லியதாயினும் அது உறைதான். வளர்ந்த நரம்பு மண்டலம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது என்ற நம்பிக்கைக்கு அது முரணாயிருந்தது. 1983 இல் எலிகளின் பார்வை நரம்பில், ஒலிகோடென்ட்ரோகிளியாவாக மாறவல்ல முன்னோடிக் கலங்கள் இனங்காணப்பட்டன. புதிய உறையை இடுபவை பெரும்பாலும் இவற்றிலிருந்து பிறப்பவையே.

அப்படியாயின் நோயாளியின் மூளையில் ஏன் உறை திரும்புவதில்லை? சிலரிடம் நன்றாகவே திரும்புகின்றது, பலரிடம் இல்லை. குறைபாடு முன்னோடிக் கலங்கள் இல்லாமையால் மாத்திரமன்று. பல காயங்களில் அவை வந்து நிற்கின்றன, ஆனால் முதிர்வதில்லை. இவ்விடத்திலேதான் ஓர்ட்டேகாவின் மற்றைய கலம் காட்சிக்கு வருகின்றது. அழிந்த மயலினின் சிதைவுகள் அவ்விடத்திலேயே கிடந்தால் அவை முன்னோடிக் கலங்களின் முதிர்ச்சியைத் தடுக்கின்றன. அவற்றை அகற்றுவது மைக்குரோகிளியாவும், இரத்தத்திலிருந்து வந்து சேரும் விழுங்குகலங்களும். இடிந்த வீட்டின் கற்குவியலை அள்ளாமல் மேசன் சுவரெழுப்ப முடியாது அல்லவா?

2012 இல் வெளியான ஓர் ஆய்வில் முதிய சுண்டெலியின் இரத்தச் சுற்றோட்டம் இளஞ் சுண்டெலியினதுடன் இணைக்கப்பட்டது. முதிய விலங்கிலும் உறையின் திருத்தம் மேம்பட்டது; இளைய விழுங்குகலங்கள் சிதைவுகளை விரைந்து அகற்றியது அதற்கு ஒரு காரணம். மயலின் கொழுப்புச் செறிந்தது. வயது முதிர்ந்த விழுங்குகலங்கள் அதனை விழுங்கிய பின் கொலஸ்ரோலை வெளியேற்ற மாட்டாமல் திணறுகின்றன என்பது 2018 இல் அறியப்பட்டது. அதற்கு முன்னரே, 2013 இல், எடின்பரோ ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டியிருந்தனர். மைக்குரோகிளியா துப்புரவுத் தொழிலாளி மாத்திரமல்ல. அழற்சியைத் தூண்டும் நிலையிலிருந்து திருத்தத்துக்கு உதவும் நிலைக்கு அது மாறும்போது, முன்னோடிக் கலங்களை முதிரச் செய்யும் பதார்த்தங்களையும் சுரக்கின்றது. அந்த மாற்றம் நிகழாவிடின் திருத்தமும் தடைப்படுகின்றது.

கஹால் காட்டிய நட்சத்திரக் கலங்களும் இதிற் பங்குகொள்கின்றன என்பது எமக்கு உவப்பான செய்தி. சுண்டெலிகளில் அவற்றை அகற்றியபோது மைக்குரோகிளியா உரிய இடத்துக்கு வந்து சேரவில்லை, சிதைவுகள் அப்படியே கிடந்தன, உறையின் திருத்தம் பின்தங்கியது என்று 2013 இல் ஜேர்மனிய ஆய்வொன்று கண்டது. ஆசானின் கலமே மாணவரின் கலத்தை அழைத்து வருகின்றது.

இவை பெரும்பாலும் விலங்குகளிற் கண்டவை. மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகள் நோயெதிர்ப்புத் தாக்குதலைத் தணிப்பவையே. இழந்த உறையை மீட்பதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்து பார்வை நரம்பின் கடத்தல் வேகத்தைச் சிறிதளவு கூட்டியதாக, 50 நோயாளிகளுடன் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பரிசோதனை கூறியது. பின்னர் வேறொரு பரிசோதனையில் சிலரது நிலை அதனால் மோசமடைந்ததையடுத்து அம்மருந்து நிறுத்தப்பட்டது. ஆகவே செய்திகளை நம்பி எவரும் தாமாக இதனை வாங்கி உட்கொள்ளலாகாது.

ஓர்ட்டேகாவின் கூற்றுகளுள் மிக நீண்ட காலம் மறுக்கப்பட்டது, மைக்குரோகிளியா வெளியிலிருந்து வந்தது என்பதேயாகும். ஏனைய துணைக்கலங்களைப் போலவே அதுவும் மூளைக்குள்ளேயே பிறந்தது என்று வாதிட்டவர்கள் பல தசாப்தங்களாக இருந்தனர். 2010 இல், சுண்டெலி முளையங்களிற் கலங்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், அவை முளையத்துக்கு வெளியேயுள்ள கருவூண் பையிற் பிறந்து, மூளை உருவாகத் தொடங்கும்போதே அதனுட் புகுகின்றன எனக் கண்டனர். அவை மூளையுறைகளிலிருந்து பிறப்பையொட்டி வருகின்றன என்று ஓர்ட்டேகா எழுதியிருந்த விபரம் சரியாக அமையவில்லை. வெளியிலிருந்து வந்து குடியேறியவை என்பது சரி. அவர் அதனை எழுதி அப்போது 91 ஆண்டுகள் ஆகியிருந்தன.